உலகம்மை ஜட்ஜுக்கு நிற்கிறாள்

ஆகஸ்ட் 27

உலகம்மை இந்த நோட்டைக் கொடுத்து, "எம்மா, பகல் பூரா சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காத. என்னத்தையாவது எழுது" என்றாள். என்ன எழுத? நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சிட்டை எழுதுவேன். இவள் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் கடிதம் எழுதினேன். அப்புறம் போன் வந்துவிட்டது, அதுவும் நின்றுபோனது.

நான் வந்து ஒன்பது நாள். அவர் கண்ணை மூடி நூற்றுப் பதினேழு நாள்.

இங்கே தெருவில் மனிதச் சத்தம் இல்லை. மருமகனும் இவளும் பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது. அதை நான் எழுத வேண்டியதில்லை.

எழுதுகிற மாதிரி ஒரு விஷயம் உண்டு. உலகம்மை ஜட்ஜுக்கு நிற்கிறாள். இந்த ஊரில் கீழ்க்கோர்ட்டு ஜட்ஜை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் வைக்கிறார்களாம். நவம்பரில் தேர்தல்.

"கவர்மெண்டு போடாதாட்டி?"

"இங்க போடாதும்மா."

"நீ எந்தக் கட்சி?"

"கட்சியே கிடையாது. சீட்டுல பேரு மட்டுந்தான் இருக்கும்."

கட்சி இல்லை, சின்னம் இல்லை, மைக் செட்டு இல்லை. இதெல்லாம் ஒரு எலெக்‌ஷனா என்று கேட்டேன். சிரித்தாள். இப்போது இவள் காசில்லாதவர்களுக்கு வாதாடுகிற சர்க்கார் வக்கீல். எதிர்த்து நிற்பவர் வால்டர் என்று ஒரு பெரிய வக்கீல். நல்ல மனுஷன்தான் என்கிறாள். எதிராளியை நல்ல மனுஷன் என்று சொல்லிக்கொண்டு இவள் எப்படி ஜெயிக்கப் போகிறாள்?

அவர் முப்பத்தொரு வருஷம் முன்சீப் கோர்ட்டில் டவாலி. ஜட்ஜய்யாவுக்கு முன்னால் நடந்துபோய், கூட்டத்தை அமர்த்தி, கதவைத் திறந்துவிடுகிறவர். அந்த நாற்காலிக்கு அவர் மகள் நிற்கிறாள் என்று தெரிந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லமாட்டார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வாசலுக்குப் போய்விடுவார்.

செப்டம்பர் 3

பலகைகள் வந்து இறங்கின. கம்பியில் மாட்டி வீட்டு முன்னால் புல்லில் குத்தி வைக்கிறது. முந்நூறு பலகை. உலகம்மையின் பேர் மேலே சின்னதாக, அவர் பேர் கீழே பெரிதாக. இந்த ஊரில் அப்பா பேர்தான் முக்கியமாம். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் பேர் எது என்று இரண்டு நாளில் பழகிவிட்டது. கடையில், பள்ளிக்கூடத்துப் பக்கம், எவனோ ஒருத்தன் வீட்டு ரோஜாச் செடிக்கு அடியில், எல்லா இடத்திலும் நிற்கிறார்.

தேர்தல் வேலையைப் பார்க்கிறவள் கேரல். ஐம்பது வயதிருக்கும், அணில் மாதிரி ஓடுவாள். அவர் பேரை 'உக்கிமகேலி' என்கிறாள். இன்று என்னிடம் வந்து, சரியாக எப்படிச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லுங்கள் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எப்படிச் சொல்வேன்? தாலி கட்டி நாற்பத்தாறு வருஷத்தில் அந்தப் பேரை ஒருநாள் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட கார்டைத்தான் நீட்டியிருக்கிறேன்.

"உலகம்மை அப்பா" என்றேன்.

கேரல் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். உலகம்மை சிரித்துச் சிரித்து நாற்காலியிலேயே சரிந்துவிட்டாள். இங்கே வந்தபிறகு இன்றுதான் நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 4

மழை. ரசம் வைத்தேன். புளி சரியில்லை.

செப்டம்பர் 10

உலகம்மையோடு வீடு வீடாகப் போனேன். நோட்டீஸ் பையை நான் தூக்கிக்கொண்டேன். எனக்கு ஓட்டு இல்லை, விசாவில் வந்தவள். ஆனால் பை தூக்கலாமாம்.

ஒரு வீட்டில் நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் கேட்டானாம்: கஞ்சா விற்கிறவனை எல்லாம் உள்ளே தள்ளுவாயா? இவள் பத்து நிமிஷம் பேசினாள். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"என்ன சொன்ன?"

"ஒவ்வொரு வழக்கையும் கேட்டுத்தான் முடிவு சொல்லுவேன்னேன்."

"தள்ளுதேன்னு ஒரு வார்த்த சொன்னா என்னட்டி? ஓட்டு வந்திருக்கும்லா?"

"சொல்லக் கூடாதும்மா. எந்த வழக்குலயும் இன்னது செய்வேன்னு வாய் விடக் கூடாது. நானும் கூடாது, எனக்காகப் பேசுறவங்களும் கூடாது. அது சட்டம்."

"அப்ப என்னத்தச் சொல்லி ஓட்டுக் கேக்க?"

"ரெண்டு பக்கமும் கேப்பேன்னு சொல்லலாம்."

இதைச் சொல்லி எங்கள் ஊரில் வார்டு மெம்பராகக்கூட வர முடியாது.

நடந்து கால் வலி. வெந்நீரில் வைத்துக்கொண்டு அவர் கோர்ட்டுக்குக் கிளம்புகிற காலையை நினைத்துக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்புளிப்பார். சித்தரத்தை ஒரு துண்டு கடைவாயில். வெள்ளைச் சட்டைக்கு நான் நீலம் போட்டு வைத்திருப்பேன். குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. வில்லையைப் புளி போட்டு நான்தான் தேய்ப்பேன். கோர்ட்டு வராந்தாவில் நின்று மூன்று தடவை கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே ராகத்தில் வாசலில் நின்று, "ஆவுடையம்மாள்... ஆவுடையம்மாள்... ஆவுடையம்மாள்!" என்பார். நான் அடுப்படியில் இருந்து "ஆஜர்" என்பேன். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார்.

உலகம்மை ஐந்தாவது படிக்கும்போது எங்களை மலையடிவாரத்தில் ஒரு கோர்ட்டுக்கு மாற்றினார்கள். அங்கே தண்ணீர் கஷ்டம். சர்க்கார் வேலை என்றால் மாற்றம் வரத்தான் செய்யும்.

செப்டம்பர் 16

பூங்காவில் ஒரு அம்மாள் பழக்கமானாள். சேலைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு எதிரே வந்தாள். நானும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். பேர் மரகதம், பொள்ளாச்சிப் பக்கம். மகள் சுகந்தி வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"நீங்க இங்க மகளுக்குத் துணைக்கு வந்திருக்கீங்களாக்கா?" என்றாள். தலையாட்டினேன். என் மகள் ஜட்ஜுக்கு நிற்கிறாள் என்றதும் நடையை நிறுத்திவிட்டாள்.

"இந்த ஊருக் கோர்ட்டுக்குங்களா?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் நடக்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

செப்டம்பர் 20

மரகதம் அழுதாள். சுகந்தியின் பையன் நிமலனுக்கு இருபது வயது. கூட்டாளி வீட்டு விருந்தில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியிருக்கிறான். ரோட்டைக் கடந்த ஒரு பொம்பளை மேல் இடித்துவிட்டான். வழக்கு ஜனவரியில் வருகிறது, புது ஜட்ஜு முன்னால்.

"என்ற பேரன் எறும்பக்கூட மிதிக்க மாட்டானுங்க்கா. ஜெயிலுக்குப் போனா படிப்பு போச்சு, எல்லாம் போச்சு. ஊருல நான் எப்படித் தல நிமுந்து நடப்பேன், சொல்லுங்க?"

நான் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். வேறொன்றும் இல்லை.

அவள் என் உள்ளங்கையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் போனபிறகு என் கையை யாரும் அப்படிப் பிடிக்கவில்லை. இங்கே எல்லோரும் தோளைத் தட்டுகிறார்கள்.

உலகம்மையிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

செப்டம்பர் 29

கேரல் துள்ளிக்கொண்டு வந்தாள். தமிழ் ஆட்கள் வீட்டில் எல்லாம் பலகை கேட்கிறார்களாம். ஒரே வாரத்தில் முப்பத்தெட்டு வீடு. சுகந்தியின் வீட்டுக்காரர் ஈசுவரமூர்த்தி போன் போட்டுப் போட்டு ஆள் சேர்க்கிறாராம்.

உலகம்மைக்கு ஆச்சரியம். "இருபது வருஷமா இருக்கேன். ஒரு பொங்கலுக்கு என்னைக் கூப்பிட்டதில்ல. பிரிஞ்சவன்னு மூஞ்சியத் திருப்பிட்டுப் போவாங்க. இப்பப் பாரும்மா!" என்று என் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். சின்னப்பிள்ளையில் அப்பா கன்னத்தை இப்படித்தான் ஆட்டுவாள்.

மரகதம் முருங்கைக்கீரையும் நாட்டுச்சர்க்கரையும் கொடுத்துவிட்டாள். கீரையைச் சமைத்தேன். எனக்குத் தலைவலி, சாப்பிடவில்லை.

அக்டோபர் 2

இரண்டு நாளாகப் பூங்காவுக்குப் போகவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 6

சுகந்தி வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஏழெட்டுக் குடும்பம். நிமலன் மாடியை விட்டு இறங்கவில்லை. எல்லோரும் உலகம்மையைச் சுற்றி நின்றார்கள். அவள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு.

சாப்பிட்டு முடித்ததும் ஈசுவரமூர்த்தி கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தார். "நம்ம பையன் விசயத்துல அம்மா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க. மகள் அந்த நாற்காலியில உக்காந்ததும் நம்ம பையன விட்டுக்குடுக்க மாட்டான்னு. அந்த ஒரு வார்த்தையிலதாங்க எங்க வீட்டுல அடுப்பு எரியுது. அதுக்காகவே நாங்க எல்லாருமா நிக்கிறோம்" என்றார்.

யாரோ கை தட்டினார்கள்.

உலகம்மை என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தாள். "அப்படி ஒரு வாக்கு யாரும் குடுக்க முடியாதுங்க. நான் ஜெயிச்சா இந்த வழக்க நான் தொடவே மாட்டேன். வேற ஜட்ஜுதான் கேப்பாங்க. மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு என் கைப்பையை எடுத்துக்கொண்டாள். மரகதம் அடுப்படி வாசலில் நின்றபடி என்னையே பார்த்தாள்.

காரில் பாதி வழி வந்ததும் கேட்டாள்.

"அடிபட்ட பொம்பள பேரு தெரியுமாம்மா?"

தெரியாது.

"ஐரீன். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப்போடுறவங்க. கால்ல ரெண்டு எடத்துல முறிவு. அஞ்சு மாசமா வேலைக்குப் போகல. அவங்களுக்கு என்ன வாக்குக் குடுத்த?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரோட்டோரம் முழுக்க அவர் பேர் வந்துகொண்டே இருந்தது.

அக்டோபர் 7

தோசை வார்த்தேன். சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 10

உலகம்மை தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜட்ஜுகளைக் கண்காணிக்கிற ஆபீசுக்கும் பத்திரிகைக்கும். 'என் தேர்தல் வேலையில் இருந்த ஒருவர் ஒரு குடும்பத்துக்குத் தவறான வாக்குக் கொடுத்துவிட்டார், அதற்கு நான் பொறுப்பு' என்று. எந்தக் குடும்பம், யார் சொன்னது, ஒன்றும் எழுதவில்லை.

கேரல் எழுத வேண்டாம் என்று மன்றாடினாள். நாலு வாரம் பொறுத்தால் தேர்தலே முடிந்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாளாம். உலகம்மை என்னமோ இங்கிலீஷில் சொன்னாள். கேரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினாள்.

சாயங்காலம் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். யாரோ பலகைகளை எங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். எண்ணவில்லை. தமிழ் ஆட்கள் வீட்டுப் பலகை எல்லாம்தான். சேறும் புல்லும் ஒட்டியிருந்தது. ஈரத்துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைத்தேன். அவர் முகத்தைத் துடைக்கிற மாதிரி இருந்தது.

அக்டோபர் 13

பொய் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒருவரும் படிக்கப் போவதில்லை, அதிலும் பொய்.

ஆறுதலாக நாலு வார்த்தை இல்லை. மரகதம் கையை நீட்டினாள், நான் அடித்துச் சத்தியம் செய்தேன். "என் மக உக்காரப்போற எடம். நம்ம பிள்ளைய விட்டுருவாளா?" என்றேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவர் இருக்கும்போது ஊரில் நான் டவாலி வீட்டம்மா. நாலு பேர் நின்று பேசுவார்கள். இங்கே நான் யார்? அந்தப் பெஞ்சில் மறுபடியும் நான் ஒரு ஆளாக இருந்தேன்.

இது இரண்டாவது தடவை.

அவருடைய அந்த மலையடிவார மாற்றம் சும்மா வரவில்லை. வெள்ளையம்மாள் என்று ஒரு கிழவி, கொழுந்தனோடு வரப்புத் தகராறு. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் புறவாசல் வழியாக வந்து ஒரு தார் செவ்வாழையை இறக்கினாள். "ஐயாகிட்டச் சொல்லி என் கேஸ மொதல்ல கூப்பிட வையி தாயி" என்றாள். "நான் பாத்துக்கிடுதேன், போங்க" என்றேன். அவரிடம் சொல்லவில்லை. தாரை நெல்லுக் குதிருக்குப் பின்னால் வைத்து, நானும் உலகம்மையும் பழுக்கப் பழுக்கத் தின்றோம். கொழுந்தன்காரன் மனு எழுதிப் போட்டுவிட்டான். ஜட்ஜய்யா அவரைக் கூப்பிட்டு வாங்கினாயா என்று கேட்டிருக்கிறார். "வாங்குனேன் எஜமான்" என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷ இன்கிரிமெண்டு போனது. மலையடிவாரத்துக்கு மாற்றினார்கள்.

என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைமைக் குமாஸ்தா வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வாசலில் நின்று என் பேரை மூன்று தடவை கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டார். நான் "ஆஜர்" என்றேன். அதோடு சரி. முப்பத்து நாலு வருஷம் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்க இனி அவர் இல்லை.

அக்டோபர் 20

இன்று நூலக மண்டபத்தில் கூட்டம். நிற்கிறவர்கள் இரண்டு பேரையும் மேடையில் உட்கார வைத்து ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். இருநூறு பேர் இருக்கும். நான் மூன்றாவது வரிசையில். பின்னால் ஓரத்தில் சுகந்தியும் மரகதமும். வருவார்கள் என்று நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் காவல் மாதிரி இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு பெரியவர் சீட்டைப் பார்த்துப் படித்தார். கேரல் எனக்குக் கையால் ஜாடை காட்டினாள்: அந்தக் கேள்விதான். வாக்குக் கொடுத்தது யார்?

உலகம்மை எழுந்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'ஐ' என்றால் நான் என்று தெரியும். அவள் மூன்று தடவை 'ஐ' என்றாள்.

வாங்குனேன் எஜமான்.

என் கால் தானாக எழுந்தது. என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிறதை எழுதுகிறேன்.

"ஐயா, அவ இல்ல. நான்தான். நான் அவளப் பெத்தவ. என் பேரு ஆவுடையம்மா. அந்தப் பிள்ளையோட பாட்டி அழுதா, நான் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். எம் மகளுக்குத் தெரியாது. அடிபட்ட பொம்பள ஒருத்தி இருக்கான்னு எனக்கு நெனப்பே வரல. அது பெரிய தப்பு. முன்னால ஊருலயும் இதேதான் செஞ்சேன். என் வீட்டுக்காரர் பழிய ஏத்துக்கிட்டு நாங்க தண்ணி இல்லாத ஊருக்குப் போனோம். இப்ப இவ ஏத்துக்கிடுதா. ஒங்க பலகையில இருக்கது அவர் பேரு. உச்சிமாகாளி. உச்சிமாகாளி ஒரு வாழப்பழம் வாங்குனவர் இல்ல. அவர் மகளும் இல்ல."

சொல்லிவிட்டேன். அந்தப் பேர் என் வாயிலிருந்து வெளியே வந்து மண்டபத்தில் நின்றது. மைக்கே இல்லாமல்.

எல்லோரும் உலகம்மையைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. மைக்கில் ஒரு வரி சொன்னாள். நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, நான் அவ்வளவு சொன்னேன். நீ ஒத்த வரியில முடிக்கிய? முழுசாச் சொல்லு."

"எம்மா, உக்காரு. போதும்."

"எங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னுதான சொன்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் சொல்லியிருக்கிறாள். அப்பனைப் போல மூடத்தான் தெரிகிறது இவளுக்கு.

அப்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. சுகந்தி எழுந்து நின்றாள். மரகதம் அவள் சுவெட்டரைப் பிடித்து இழுத்து, "வேண்டாங் கண்ணு, உக்காரு கண்ணு, ஊரே பாக்குது" என்றாள். சுகந்தி கையை விடுவித்துக்கொண்டாள். நான் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல். சரியாகச் சொல்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நடுவில் 'ஐரீன்' என்றாள். நான் பேர் சொல்லவில்லை, அவள் சொன்னாள். 'மை சன்' என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. கடைசியில் அவர் பேரைச் சொன்னாள். சுத்தமாக.

கை தட்டல் ஒன்றும் இல்லை. வால்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அடுத்த கேள்வி ஏதோ கேட்டார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் உலகம்மை காரை ஓரமாக நிறுத்தினாள்.

"செவ்வாழன்னு எனக்குத் தெரியும்மா."

"அப்பா சொன்னாங்களா?"

"அவங்க என்னைக்குச் சொன்னாங்க? பத்து வயசு எனக்கு. குதிருக்குப் பின்னால தின்னது நானும்தான. மறுவாரம் நாம சாமான் கட்டுனோம். கணக்குப் போடத் தெரியாதா?"

"எங்கிட்டக் கேக்கலியே நீ."

"நீ இன்னைக்குத்தான சொல்லுத."

பிறகு, "கேரல் இனிமே பேர ஒழுங்காச் சொல்லுவா" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது.

அக்டோபர் 21

பூங்காவுக்குப் போனேன். மரகதம் வரவில்லை.

நவம்பர் 6

ஓட்டு எண்ணிவிட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் உலகம்மை தோற்றுவிட்டாள். அந்த முப்பத்தெட்டு வீடும் அவர்கள் ஆட்களும் போட்டிருந்தால் என்று கேரல் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். உலகம்மை அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துக் குப்பையில் போட்டாள்.

வால்டர் போன் செய்தார். இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். அப்புறம் ஐந்து இட்லி சாப்பிட்டாள். நான் வந்தபிறகு அவள் ஐந்து சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"வருத்தமா இருக்காட்டி?"

"இருக்கு. இல்லாமலா?" என்றாள். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஒருத்தனுக்கு ஜாமீன் கேக்கணும். சட்ட துவைச்சிட்டியா?"

அவளுக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சட்டையைத் தேய்த்து வைத்தேன்.

நவம்பர் 9

பலகைகளைப் பிடுங்கப் போனோம். தேர்தல் முடிந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. மண் இறுகிப்போய் நான் இழுக்க வரவில்லை. அவள் இழுத்தாள்.

டிசம்பர் 25

எல்லா வீட்டிலும் விளக்கு. அவருக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டினேன். நல்லெண்ணெய் அவளுக்கு நிறைய ஊற்றினேன்.

ஜனவரி 24

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது.

நேற்று போன் வந்தது. மரகதம். மூன்று மாதம் கழித்து அவள் குரல். நலமா என்று கேட்கவில்லை.

"நாளைக்குப் பையனுக்குக் கேசுங்க. தப்ப ஒத்துக்கப் போறான். அவனாத்தான் சொன்னான், அவங்கம்மா அன்னிக்கு எந்திரிச்சு நின்னதக் கேட்டுட்டு. மாப்பிள்ளைக்கு இஷ்டமில்ல, வர மாட்டேங்கறார்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க மேல எனக்குக் கோவம் தீரலீங்க்கா. ஆனா கூட வர வேற ஆளில்ல எனக்கு. வாரீங்களா?"

போனேன். உலகம்மை வாசலில் இறக்கிவிட்டு, தன் வழக்குக்காக மேல் மாடிக்குப் போனாள்.

கோர்ட்டு ஹால் நிறைந்திருந்தது. முன்னால் வக்கீல் பக்கத்தில் நிமலன். கோட்டு அவனுக்குப் பெரிதாக இருந்தது. சுகந்தி அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கம் இடமில்லை. நாங்கள் கதவருகே நின்றோம்.

"என்னாகுங்க்கா?" என்றாள் மரகதம். "உங்க மக என்ன சொல்றா?"

"அவ ஒண்ணும் சொல்லல. எனக்கும் தெரியாது."

"உள்ள போட்டுருவாங்களா?"

"தெரியாது மரகதம். முடியுற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அது மட்டுந்தான் என்னால சொல்ல முடியும்."

அவள் தலையசைத்தாள்.

நடுவில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் வெள்ளைக்காரப் பொம்பளை ஒருத்தி இருந்தாள். ஐம்பத்தைந்து வயது, குட்டை முடி, சமையல்காரியின் தடித்த கை. ஒரு காலை நீட்டிவைத்திருந்தாள். பக்கத்துக் காலியிடத்தில் ஊன்றுகோலைக் கிடத்தியிருந்தாள். யார் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரகதத்துக்கும் தெரிந்திருக்கும், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜட்ஜு வரப்போகிறார் என்று ஒரு ஆள் சத்தம் கொடுத்தான். நிற்கிறவர்களை உட்காரச் சொல்லி எங்களைப் பார்த்துக் கை காட்டினான். உட்கார வேறு இடமில்லை. நாங்கள் அந்தப் பெஞ்சு வரை போய் நின்றோம்.

ஐரீன் எங்கள் சேலையைப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு.

பிறகு ஊன்றுகோலை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, நீட்டிய காலைக் கையால் தூக்கி மடக்கி, எங்களுக்கு இடம் விட்டாள்.